செங்கோடன் செய்த குழாய்ப்பிடி

திருச்செங்கோடு
14-3-1985

அன்பு மகன் சென்னிமலைக்கு அப்பா எழுதுவது. மலைமேல் இருப்பவன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், மொசாம்பிக்கில் உன் சுகத்துக்கு உடனே எழுதவும். இங்கே மாசியிலேயே வெயில் கொளுத்துகிறது, கிணறெல்லாம் வறண்டு ஊரிலுள்ள போர் போடும் ரிக் வண்டிகள் ஒன்றும் தங்குவதில்லை, நம் வண்டி மட்டும் ஷெட்டில் நிற்கிறது, எனக்கு ஏற மனமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, போர் போடும்போது குழாய்ப் பக்கம் கை வைக்காதே.

உன் கடிதம் கிடைத்தது. அண்ணன் செய்த குழாய்ப்பிடியை அங்கே எல்லா வண்டியிலும் மாட்டப்போகிறார்கள், அதற்குக் காப்புரிமை கேட்கும் மனுவைப் போர்த்துகீசில் கொடுக்க வேண்டும், சேலம் வக்கீலிடம் நீ எழுதி வாங்கிப்போன இங்கிலீஷில் முதல் வரியே மொழிபெயர்ப்பவருக்குப் பிடிபடவில்லை, எளிதாகச் சொன்னால் என்ன என்று கேட்டிருந்தாய். எனக்கு இங்கிலீஷ் ஏது, மேல்வீதி சௌந்திரம் டீச்சரிடம் எடுத்துப் போனேன். இரண்டு முறை படித்துவிட்டு, இதற்கு முன் எங்கும் எவராலும் அறியப்படாததும் கையாளப்படாததுமான புதுமை என்றது. நான் விழிப்பதைப் பார்த்து, ஊருலகத்துல இல்லாத புதுசுன்னு அர்த்தமுங்க மாமா, அவ்வளவுதானுங்க என்று சிரித்தது. வைத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

சாமி, உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்கிறேன். குழாயைக் கழற்றும்போது நழுவாமல் பிடிக்கும் என்று செங்கோடன் அதைப் பட்டறையில் செய்து கொண்டுவந்த அன்று, ராசிபுரம் பக்கம் ஒரு விவசாயக் காட்டில் போர் போடப் பூஜை முடித்துத் தேங்காய் உடைத்திருந்தோம். பூஜை போட்ட வண்டியில் புது இரும்பு ஏறினால் தண்ணீர் தட்டிப்போகும் என்று எனக்கொரு பாழாய்ப்போன நம்பிக்கை. ஆட்கள் முன்னால், ஊருலகத்துல இல்லாத புதுசா நீ என்னடா கண்டுட்ட, எடுத்து அந்தப்பக்கம் போடு என்று கத்தினேன். சாக்கில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்தான். மத்தியானம் குழாய் நழுவி அவன்மேல் விழுந்தது, அங்கேயே உயிர் போய்விட்டது. அந்தக் குழியில் நல்ல தண்ணீர், இன்றைக்கும் இறைக்கிறார்கள். விதி என்று ஊர் சொன்னது, நானும் சேர்ந்து சொன்னேன். விதி இல்லை சாமி, நான்தான்.

அந்த மொழிக்காரரிடம் சொல், அந்த வரி ஏசுவதுபோல் இல்லாமல் மெச்சுவதுபோல் வரட்டும். செய்தவர் பெயர் என்ற இடத்தில் வண்டிச் சொந்தக்காரன் என்று என் பெயரைப் போட்டிருக்கிறாய், அதை அடித்துவிட்டு ந. செங்கோடன் என்று எழுது. மறந்துவிடாதே. உன் பதிலை அம்மா என்னைத்தான் படிக்கச் சொல்லிக் கேட்பாள், அதில் இதை எழுதாதே, அவளுக்கு நானே சொல்ல வேண்டும், இன்னும் வாய் வரவில்லை. நீ நூறு வயசு நல்லா இருக்கோணும்.

இப்படிக்கு,
உங்கள் இருவருக்கும் அப்பா,
நாச்சிமுத்து