மீதி எங்கே என்று கேட்டாய்

நேற்று கோவை கணபதிப் பகுதியில் ஒரு சந்து வழியாக வண்டியில் போனேன். மோட்டார் வைண்டிங் பட்டறை ஒன்றின் வாசலில் காயில்களை வார்னிஷில் முக்கிக் காயவைத்திருந்தார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். நீயும் இதே வேலைதான் பார்த்தாய்; உன் சேலையிலும் முடியிலும், மதியச் சோறு கொண்டுபோகும் போசியிலும்கூட அந்த நெடிதான் இருக்கும். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. உனக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது.

என் அப்பா அம்மா இருவருக்குமே காது கேட்காது. அதனால் வாய்ப்பேச்சுக்கு முன்பே எனக்குச் சைகை வந்துவிட்டது. வளர்ந்தபின் அதுவே பிழைப்பும் ஆனது. ஆஸ்பத்திரி, பேங்க், போலீஸ் ஸ்டேஷன் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய், வாயால் பேசுவதைக் கையாலும், கையால் பேசுவதை வாயாலும் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலையில்லாமலேயே காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுவேன். காது கேளாத நம்மாட்கள் பத்துப் பேராவது அங்கே கூடியிருப்பார்கள். அவர்களில் ஒருத்தியாகத்தான் நீ எனக்குப் பழக்கமானாய்.

கிளம்புகிறேன் என்று சொன்ன பிறகுதான் உனக்குப் பேச்சே தொடங்கும். டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும் முடியாது. பஸ் உறுமிக்கொண்டு புறப்படும்போது மற்றவர்கள் பேச்சு அறுந்துபோகும். உள்ளே நீயும் கீழே நானும் மட்டும் அது திரும்பி மறையும்வரை கையால் பேசிக்கொண்டிருப்போம். கண்டக்டர் ஒருநாள் என்னிடம், "ஏனுங்க, அவங்க எறங்கோணுமா, நீங்க ஏறோணுமா?" என்று கேட்டார். அதைக் கையால் சொன்னதும் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

சாப்பாட்டு நேரத்தில்தான் உனக்குத் திண்டாட்டம். சோறு பிசைந்த வலது கை பேச வராது. இடது கையால் பேசினால் திக்கும். உன் கை சொன்னதை என் வாயால் சொன்னால் இப்படி வரும்: "உங்களுக்கென்ன, வாயில சோத்த வெச்சுட்டே பேசுவீங்க. எனக்குப் பேசுனா பட்டினி."

வயிற்றுவலி வந்து பரிசோதனையெல்லாம் முடிந்ததும், என்னையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனாய். டெம்போ ஓட்டும் உன் அண்ணனும் வந்திருந்தார். டாக்டரம்மா அவரைப் பார்த்தே நெடுநேரம் பேசினார். புற்றுநோய், முற்றிவிட்டது, அறுவை செய்ய முடியாது, மருந்து ஏற்றிப் பார்க்கலாம். அண்ணன் என் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர் நின்றது. "அம்மணி, அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமுங்க. தாங்க மாட்டாளுங்க. வயித்துல புண்ணுன்னு மட்டும் சொல்லிப்போடுங்க."

நான் அப்படியே சொன்னேன். புண், மருந்து எடுத்தால் ஆறிவிடும் என்று.

நீ டாக்டரைப் பார்த்தாய், அண்ணனைப் பார்த்தாய், பிறகு என்னை. "டாக்டர் வாய் அத்தன நேரம் அசைஞ்சுது. உன்ற கை இத்தனூண்டுதான் அசைஞ்சுது. மீதி எங்கே?"

மீதி ஒன்றுமில்லை என்றேன். நீ கண்களை இறுக மூடிக்கொண்டாய். நம்மாட்களிடம் அதைவிடப் பெரிய கோபம் கிடையாது. மூடிய கண்ணுக்கு முன்னால் நான் எதைச் சொல்வது?

அதன்பின் பதினோரு நாள் என் வீடியோ காலை நீ எடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் பட்டறைக்கே வந்தேன். நீ குனிந்து கம்பி சுற்றிக்கொண்டிருந்தாய். அதிர்வு எட்டும்படி மேசையைத் தட்டினேன். நிமிர்ந்தாய். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் சொல்ல வேண்டாம் என்றதையும், நான் அதற்குத் தலையாட்டியதையும் சேர்த்து.

காப்பர் கம்பியைக் கீழே வைத்தாய். அழுவாய் என்று நினைத்தேன். "எங்கப்பா செத்தன்னிக்கு ஊட்டுல எல்லாரும் அழுதுட்டிருந்தாங்க. எதுக்குன்னு எனக்கு மட்டும் தெரியாது. கடேசியாத்தான் சொன்னாங்க. இப்ப நீயும் அவங்க பக்கம் போயிட்டயா?"

வாடிக்கையாக வரும் மன்னிப்பு வார்த்தையைச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது. நீதான் என் மணிக்கட்டைப் பிடித்து, "டாக்டர்கிட்டப் போலாம். நான் கேக்கோணும்" என்றாய்.

இந்தமுறை நாற்காலியை டாக்டருக்கு நேர் எதிரே போட்டு நீ உட்கார்ந்தாய். எத்தனை நாள் இருப்பேன், பட்டறைக்குப் போகலாமா, முடி கொட்டுமா என்று கேட்டாய். கடைசியாக, "மருந்து ஏத்தற ஊசிய எடது கையில போடச் சொல்லுங்க. வலது கையில போட்டா எனக்கு வாயக் கட்டுன மாதிரி" என்றாய். டாக்டரம்மா பேனாவை நிறுத்தி உன்னைப் பார்த்தார். பிறகு ஃபைலின் மேலட்டையில் பெரிதாக எழுதினார், வலது கையைத் தொடக்கூடாது என்று.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் சுவரில் சாய்ந்து நின்றார். "நாப்பது வருசமா கூடவே இருக்கறனுங்க. வா, தின்னு, தூங்கு, இதத் தவிர நான் அவகிட்ட ஒண்ணும் பேசுனதில்லீங்க. இவளுக்குள்ள இத்தன பேச்சு இருக்கறது எனக்குத் தெரியாதுங்க."

மூன்றாவது முறை மருந்து ஏற்றியபோது அண்ணன் வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏனுங்க, பயமா இருக்குதான்னு எப்படிங்க கேக்கறது?"

காட்டிக்கொடுத்தேன். டெம்போ ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த விரல்கள் வளைய மறுத்தன. ஐந்தாறு தரம் செய்துபார்த்துவிட்டு உள்ளே போய் உன் முன்னால் நின்று கேட்டார். தப்பாகத்தான் கேட்டார். நீ சிரித்து, உன் வலது கையால் அவர் விரல்களைத் திருத்திவைத்தாய். பிறகு பதில் சொன்னாய். "இருக்குது. நீ இங்கயே இரு." நான் அதை வாயால் சொல்லத் தொடங்குமுன்பே அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அறையில் எனக்கு வேலையில்லை என்று முதல்தடவையாகத் தெரிந்தது. கேன்டீனுக்குப் போய் நிம்மதியாக ஒரு டீ குடித்தேன்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாய். துக்கத்துக்கு வந்த நம்மாட்களிடம் உன் கடைசி நாட்களைப் பற்றி அண்ணனே கையால் சொன்னார். தப்பும் தவறுமாக, ஒன்றையும் விடாமல்.

இப்போதெல்லாம் எந்த அறைக்குள் போனாலும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: "இங்க யாரு என்ன பேசுனாலும் அது காது கேக்காத இவங்களுக்குப் போயிருமுங்க." போன மாதம், காது கேளாத அம்மாவைக் கூட்டிவந்த ஒரு மகன் அதை ஏற்கவில்லை. டாக்டர் வாய் திறக்குமுன்பே, "அக்கா, அம்மாகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்று கெஞ்சினார். பாசத்தில்தான் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். உன் அண்ணனும் அப்படித்தானே கேட்டார். ஆனாலும் அந்த அம்மாவைப் பார்த்து, அவர் மகன் கெஞ்சியதையே முதலில் கையால் சொன்னேன். அவர் மகனின் தோளில் கைவைத்து அழுத்திவிட்டு, டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார், சொல்லுங்கள் என்று.