தானாக ஓடாத வடிகட்டி

நெளுக்குளம்,
வவுனியா.
ஞாயிற்றுக்கிழமை

அன்பின் அத்தானுக்கு,

நானும் பிள்ளை சாரங்காவும் மாமியும் சுகம். நீங்கள் சுகமென்று வீடியோவில் பார்த்தாலே தெரிகிறது, கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நான் ஒன்றைக் கேட்கத் தொடங்கினால் நீங்கள் சிரிக்கிறீர்கள், நானும் சிரிக்கிறேன். போனை வைத்த பிறகுதான் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது நினைவுக்கு வருகிறது. கடிதத்தில் அப்படித் தப்ப முடியாது. என் சிநேகிதி கஜேந்தினியின் தம்பி லக்ஷன் புதன்கிழமை அங்கே டுபாய்க்குப் பயணம். மிளகாய்த்தூளோடு இதையும் அவன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் தொட்டியின் கதை. கண்ணாடித் தொட்டி வந்துவிட்டது. நாலு பேர் தூக்கி வந்து, நீங்கள் சொன்னபடியே வெயில் படாத சுவரோரமாக விறாந்தையில் வைத்தார்கள். மாமிக்குத் தொட்டியில் குறையில்லை, உப்புத் தண்ணீரில்தான் பயம். மாற்றுகிற தண்ணீரை எங்கே ஊற்றப் போகிறீர்கள், தன்னுடைய தேசிக்காய் மரத்தடியில் ஒரு சொட்டு விழுந்தாலும் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன் என்கிறார். பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா வந்து, கடலோரம் முள்ளிவாய்க்காலில் இருக்கிறவர்களே வீட்டுக்குள் கடல் வைப்பதில்லை, உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டுப் போனார். எட்டு வருடமாக டுபாய் ஹோட்டலில் பவளமும் கடல்மீனும் வளர்க்கிற தொட்டி பராமரிக்கிறவர், தையில் ஒரேயடியாக வந்து இங்கே அதையே தொழிலாகச் செய்யப் போகிறார் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கு நம்பிக்கையாக இல்லை.

ஏனென்று சொல்கிறேன். வடிகட்டிச் சாமான்களுக்கு நீங்கள் அனுப்பிய படங்களைக் காட்டி விசாரிக்க, டவுனில் சுடலைமுத்து அண்ணையின் வளர்ப்பு மீன் கடைக்குப் போனேன். தொட்டிக்கு வெளியே பூட்டுகிற டப்பா வடிகட்டி வேண்டாம், ஊத்தை அதற்குள்ளேயே கிடந்து பவளத்தைக் கெடுக்கும் என்றார். கீழே இன்னொரு சின்னத் தொட்டி வைத்து, தண்ணீர் அதற்குள் இறங்கிச் சுத்தமாகி மேலே ஏறுவதுதான் நல்லதாம். நீங்களும் அதைத்தான் சொன்னீர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் மற்றச் சாமான்களில்.

ஊத்தையைப் பிடிக்கிற துணி இரண்டு விதமாம். பை என்றால் மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். சுருள் என்றால் மோட்டரே சுற்றிக்கொள்ளும், கன நாளைக்குக் கை வைக்கத் தேவையில்லை. நீங்கள் கேட்டது சுருள். தண்ணீரை நுரைக்கவைத்து அழுக்கை எடுக்க ஸ்கிம்மர் என்று ஒன்று. அதன் கிண்ணத்தைக் கையால் ஊற்றிக் கழுவுவது ஒரு வகை, தானாக ஒரு பிளாஸ்ரிக் கானுக்குள் வடிவது இன்னொரு வகை. நீங்கள் கேட்டது தானாக வடிவது. வற்றுகிற அளவுக்குக் காலையில் ஒரு ஜக் தண்ணீர் விட்டால் போதுமாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கூடாது, கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அது ஆகாதாம். வடித்த தண்ணீர்தான் வாங்க வேண்டும். அந்த ஒரு ஜக்கை ஊற்றுவதற்கும் நீங்கள் ஒரு இயந்திரம் கேட்டிருக்கிறீர்கள்.

சுடலைமுத்து அண்ணை படங்களைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து சொன்னார். "நல்ல சாமான் அக்கா. வீட்டுக்காரர் மாசக் கணக்கா இல்லாட்டியும் தொட்டி தன்பாட்டுக்கு ஓடும்." விற்கிற ஆசையில் சொன்னார். எனக்குப் பகீரென்றது.

யோசித்துப் பாருங்கள். முதல்முறை இனிப் போகமாட்டேன் என்று வந்தபோது, தண்ணீர்த் தாங்கி நிறைந்தால் தானாக நிற்கிற மோட்டர் பூட்டினீர்கள். எனக்குச் சந்தோஷம். அந்த மாதமே பறந்தீர்கள். அடுத்தமுறை இருட்டினால் தானாக எரிகிற லைட்டைக் கேற்றில் போட்டீர்கள். லைட் இன்றைக்கும் எரிகிறது, உங்களைத்தான் காணவில்லை. இப்போது ஒரே தடவையில் மூன்று சாமான். ரிக்கெற் ஒருவழியா இருவழியா என்று கேட்டால் சிக்னல் சரியில்லை என்கிறீர்கள். மாமியோடு கதைக்கும்போது மட்டும் சிக்னல் நன்றாக இருக்கிறது.

ஏன் இப்படி எல்லாம் தானாக ஓட வேண்டும் என்று சாடையாகக் கேட்டேன். உமக்குக் கஷ்டம் வரக் கூடாது என்றுதான் என்றீர்கள். அந்தப் பதிலோடு என் நித்திரை போனது. நீங்கள் வீட்டில் இருந்தால் எனக்கு என்ன கஷ்டம்? நீங்கள்தானே கழுவப் போகிறீர்கள்?

இதையெல்லாம் எனக்குள் வைத்திருந்திருப்பேன். நேற்றுச் சாரங்கா தொட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அப்பா திரும்பிப் போனாப் பிறகு மீனுக்குச் சாப்பாடு நான் போடட்டோ அம்மா?" என்று கேட்டாள். கவலையோடு கேட்கவில்லை. மழை வருது, கொடியில் கிடக்கிற உடுப்பை எடுக்கட்டோ என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதேன். நான் சந்தேகப்படுகிறேன், சண்டை பிடிக்கிறேன் அத்தான். பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. நீங்கள் போய்விடுவீர்கள் என்று அவள் பழகிவிட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் இன்று காலை போய், நீங்கள் கேட்டதை விட்டுவிட்டு, துணிப்பையும் கையால் கழுவுகிற ஸ்கிம்மரும் வாங்கி வந்தேன். கரண்ட் போனால் பற்றரியில் ஓடுகிற சின்னப் பம்ப் மட்டும் தானாக ஓடுகிற சாமான், அது இல்லாவிட்டால் மீன் செத்துவிடுமாம். ஜக் எங்களிடமே இருக்கிறது. சுடலைமுத்து அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது. பவளத்துக்கு எது என்றாலும் ஒன்றுதான், ஆனால் இதற்கு ஆள் வீட்டில் இருக்க வேண்டும் என்று எச்சரித்தார். தெரிந்துதான் வாங்குகிறேன் என்றேன்.

கோபப்படுவீர்கள், படுங்கள். வந்து நேரில் படுங்கள். துணிப்பைகளைக் குசினிக் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். கதிரையில் ஏறி நின்று அடித்த ஆணி, எனக்கு எட்டாது, சாரங்காவுக்கும் எட்டாது. தொட்டி காய்ந்துதான் கிடக்கிறது. நீங்கள் வராமல் ஒரு பிடி உப்பும் கரைக்க மாட்டேன், ஒரு மீனும் வாங்க மாட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு படுங்கள், அந்த ஏசியை நேரே முகத்துக்கு விடாதீர்கள். உங்கள் பயணம் சுகமாக அமைய வேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இங்கே வருகிற பயணத்துக்கு மட்டும்தான் உடைத்தேன்.

இன்னும் முழுதாக நம்பாத, ஆனாலும் ஆணி அடித்துவிட்ட,
உங்கள்
பிரியந்தினி