சேணத்தில் உட்கார்ந்து கடலை உடைத்த மதினிக்கு

மதினியின் மேலான கவனத்துக்கு ஓர் அவசரச் செய்தி. இன்று காலை ஏழேகால் மணியளவில், நம் வீட்டுக் கொட்டத்தில், மத்தாப்பு அம்மாள் என்னும் குதிரையார் மூன்று முறை தும்மினார். முதல் தும்மல் காற்றுக்கு. இரண்டாவது தண்ணீர்த் தொட்டிக்கு. மூன்றாவது, இஸ்திரி போட்டு மாட்டியிருந்த என் பள்ளிக்கூடச் சட்டைக்கு. உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதம் சட்டை ஒன்று, கௌரவம் அரை.

காரணம், அண்ணன் நேற்று லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிய புதுக் கடலைக்கொடி. கட்டைப் பிரித்ததும் கரிசல் தூசியும், காய்ந்தும் காயாத அந்தக் கொடி வாசனையும் எழுந்தன. குதிரைக்குத் தும்மல் வந்தது. எனக்கு நீங்கள் வந்தீர்கள். பள்ளிக்கூட வேனைத் தவறவிட்டேன். தமிழய்யாவிடம் என்ன காரணம் சொல்வதென்று தெரியாததால் உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் உப்பளங்கள் நிறைந்த குளத்தூரிலிருந்து அண்ணனுக்கு வாக்கப்பட்டு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வந்த மூன்றாம் நாளே உங்கள் காப்பியில் இரண்டு கரண்டி உப்பைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தேன். நீங்கள் நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தீர்கள். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னீர்கள்: “கொழுந்தனாரே, இது எங்க ஊரு உப்பு இல்ல. கரிப்பு பத்தல. அடுத்த தடவ நல்ல உப்பாப் போடுங்க.” அன்றைக்கே தெரிந்தது, ஆள் சாதாரணமில்லை.

மத்தாப்பு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஓர் ஆடி மாதம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அண்ணன் விட்டுக்கொண்டிருந்த கிழட்டு வெள்ளைக்குதிரை ஓய்ந்துபோனதால் வாங்கிய மூன்று வயசுப் பெட்டை. செம்பழுப்பு, நெற்றியில் பொறி விழுந்த மாதிரி ஒரு வெள்ளை. நீங்கள்தான் பேர் வைத்தீர்கள். யார் ஏறினாலும் தலையை ஆட்டிக்கொண்டு நடக்கும். அதைக் கெடுத்த பெருமை என்னையே சேரும்.

ஆவணிக் கடைசி. மழை காணாத கரிசல் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அந்த மாதத்தில் தரிசு நிலத்தில் மாட்டை விரட்டக்கூட ஆட்கள் யோசிப்பார்கள். எனக்கு ரீல்ஸ் வேண்டியிருந்தது. கல்லில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, சேணம் போட்ட மத்தாப்பை வண்டிப்பாதையிலிருந்து தரிசுக்குள் விரட்டினேன். முன்கால் ஒரு வெடிப்புக்குள் இறங்கியது. அது முழங்கால் போட்டு விழுந்தது, நான் அதற்கும் அப்பால் போய் விழுந்தேன். போனில் பதிவான வீடியோவில் நான் பறந்த தூரத்தைப் பார்த்து வகுப்பே கைதட்டியது. குதிரையின் கால் பத்து நாளில் ஆறிவிட்டது. மனசு ஆறவில்லை. சேணத்தைக் கண்டால் சுவரோடு ஒண்டி நடுங்கும். தரையில் கறுப்பாகக் கோடு தெரிந்தால் நின்றுவிடும். கரண்டு கம்பியின் நிழல், கொடிக்கயிற்றின் நிழல், எல்லாமே அதற்கு வெடிப்புதான். நான் அதற்கு ‘நமத்த மத்தாப்பு’ என்று பேர் மாற்றினேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அண்ணன் தீர்ப்பு சொன்னது ஒரு ராச்சாப்பாட்டின்போது.

“தைக்குள்ள ஆள ஏத்தி நடக்கணும். இல்லன்னா யாவாரிகிட்ட தள்ளி விட்ருவேன். பயந்த குதிரைல மாப்பிள்ளைய ஏத்த முடியாது.”

“யாவாரி அத என்ன செய்வாரு?” என்று கேட்டீர்கள்.

“செங்கச்சூளைல வண்டி இழுக்கும். வேற என்ன?”

“ஒரு தடவ விழுந்ததுக்கா? உங்க தம்பியும்தான் விழுந்தாரு. அவர யாவாரிகிட்ட தள்ளி விட்டியளா?”

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இவன எவன் வாங்குவான்?”

மறுநாள் கொட்டத்துக்கு வந்தீர்கள். குதிரையைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. எனக்கு யூடியூப் தெரியும். கடிவாளத்தை இப்படிப் பிடிக்க வேண்டும், அப்படி அதட்ட வேண்டும் என்று நான் அளந்துகொண்டிருந்தபோது, நீங்கள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்த கதையைச் சொன்னீர்கள். கல்யாணத்துக்கு முன்னால், குளத்தூர் ரோட்டில். ஒரு வருடம் வண்டியைத் தொடவில்லையாம்.

“எல்லாரும் ஏறு ஏறுன்னாவ. சொல்லச் சொல்லத்தான் பயம் கூடுச்சு. அப்புறம் வண்டி பக்கத்துல உக்காந்து பூக் கட்ட ஆரம்பிச்சேன். ஏறணும்னு இல்ல, சும்மா. ஒருநா சீட்டுல உக்காந்து கட்டுனேன். பிறகு ஒருநா சாவியத் திருகுனேன்.”

அவ்வளவுதான் உங்கள் குதிரைப் பயிற்சி. சேணத்தைக் கொட்டத்தின் நடுவில் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து விதைக்கடலை உடைத்தீர்கள். டப், டப், டப். குதிரைமேல் இருக்க வேண்டிய சேணத்தில் மதினி இருக்க, குதிரை மூலையில் நின்று வேடிக்கை பார்த்தது. நாலாம் நாள் மூக்கை நீட்டியது. ஒரு வாரத்தில் உங்கள் தோளுக்கு மேலாக முறத்தில் வாய் வைத்தது. அப்புறம் நீங்கள் எழுந்துகொண்டு, கடலைக்கொடியைச் சேணத்தின்மேல் போட்டீர்கள். பதினைந்து நாள் அதுதான் அதற்குச் சாப்பாட்டுத் தட்டு. பிறகு முதுகில் வெறும் சாக்கு. பிறகு சேணம், வாரை இறுக்காமல். வாரில் ஒரு நாளைக்கு ஓர் ஓட்டைதான் இறுக்க வேண்டும் என்று எனக்குச் சட்டம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. வெடிப்பெல்லாம் மூடிக் கரிசல் களியாக நின்றது. “மண்ணு ஒட்டிக்கிடுச்சு. அதுக்கு யாரு சொல்லுவா? நாமதான் நடந்து காட்டணும்” என்று செருப்பைக் கழற்றிவிட்டு நிலத்தின் ஓரத்தில் இறங்கினீர்கள். பத்தடி போவதற்குள் இரண்டு காலிலும் காலுக்கு அரைப்படி மண். தூக்கித் தூக்கி வைத்து நடந்தீர்கள். பின்னால் கயிற்றில் மத்தாப்பு, அதற்கும் பின்னால் ‘யானை நடக்குது டோய்’ என்று கத்திக்கொண்டு நான்.

எல்லாம் நன்றாகப் போனது என் மூளை வேலை செய்யும்வரை. கார்த்திகையில் நீங்கள் அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளில், சோளக்காட்டுப் பொம்மைக்கு அண்ணன் சட்டையை மாட்டி மத்தாப்பின் முதுகில் கட்டினேன். ஆள் ஏறியது போலப் பழக்கலாம் என்று யோசனை. பாதி யோசனை, பாதி சிரிப்பு. பொம்மையின் கை ஆடியதும் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஊருக்குள் ஓடியது. டீக்கடையில் ஒருவர் என்னைப் பிடித்து நிறுத்தி, “ஏலே, உங்க அண்ணன் என்ன இப்படி மெலிஞ்சி போனாரு?” என்று கேட்டார். கண்மாய்க் கரையில் பிடித்தபோது அதன் உடம்பெல்லாம் நுரை. மறுபடியும் சேணத்தைக் கண்டால் சுவரோரம். தைக்கு நாற்பது நாள்கூட இல்லை.

நீங்கள் திட்டவில்லை. “நீ சிரிக்கதுக்கு அது பயப்படணுமாலே?” என்று மட்டும் கேட்டீர்கள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முறத்தை எடுத்துக்கொண்டு வந்து, தரையில் கிடந்த சேணத்தில் மறுபடி உட்கார்ந்தீர்கள். டப், டப். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தேன். எதுவும் பேசாமல் இருக்க என்னால் முடியும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மார்கழிக் கடைசியில் ஓர் இளவெயில் காலை. அண்ணன் மதுரைக்கு லோடு போயிருந்தார், மத்தியானம் வந்துவிடுவார். ஏற வேண்டியவன் நான். கால் வைக்கிற இரும்பு வளையத்தில் காலையும் வைத்துவிட்டேன். எடுத்துக் கீழே வைத்தேன்.

“மதினி, வயிறு ஒரு மாதிரி இருக்கு.”

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தீர்கள். உள்ளே போனீர்கள். வெளியே வந்தபோது நைட்டிக்குக் கீழே அண்ணனின் டிராக் பேன்ட். தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, அங்கிருந்து மெல்ல மத்தாப்பின்மேல் உட்கார்ந்தீர்கள். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றீர்கள். குதிரைக்கா, உங்களுக்கா என்று தெரியவில்லை. நான் கயிற்றைப் பிடித்து நடந்தேன். வண்டிப்பாதையில் கரண்டு கம்பியின் நிழல் குறுக்கே கிடந்தது. மத்தாப்பு நின்றது. காதுகள் முன்னால் குத்திட்டன. நான் இழுக்கப் போனேன்.

“இழுக்காதலே. மடில கடலை இருக்கு, இரு.”

குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு கடலை உடைத்துத் தின்றீர்கள். டப். டப். ஒரு காது பின்னால் திரும்பியது. எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. பிறகு அதுவாகவே ஒரு கால் எடுத்து நிழலுக்கு அப்பால் வைத்தது. நான் திரும்பிப் பார்த்தேன். உங்கள் கண்ணில் தண்ணீர், வாயில் கடலை.

மத்தியானம் அண்ணன் வந்து தானே ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கினார். “முதல்ல யாருலே ஏறுனா?” என்றார். “நாந்தான்” என்றேன், வாய் கூசாமல். நீங்கள் மாவைக் கரைத்துக்கொண்டே, “ஆமா, உங்க தம்பி பெரிய சூரன்” என்றீர்கள். சூளைக்குப் போகவிருந்த குதிரை தையில் முதல் மாப்பிள்ளையைச் சுமந்தது. கயிறு என் கையில் இருந்தது. குதிரையைத் தேற்றியவன் என்ற பட்டம் அன்றிலிருந்து எனக்குத்தான். ஒருவரிடமும் நீங்கள் அதைத் திருத்தவில்லை.

அடுத்து வந்த ஆடியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கை பாதியாகிப் போயிருந்தது. அண்ணன் மாத்திரை வாங்கப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டீர்கள்: “ஏறுனியாலே?”

“ஏறாமலா? கழுகுமலை வரைக்கும் போனேன் மதினி! காத்து காதுல விசிலடிக்கி. பஸ்ஸுல போறவன்லாம் எட்டிப் பாக்கான். வெட்டுவான் கோயில் பாறை தெரிஞ்ச பிறகுதான் திருப்புனேன்.”

நீங்கள் சிரித்தீர்கள். “இனி பயமில்ல” என்றீர்கள். மறுவாரம் உங்களைக் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சவாரியை நண்பர்களிடம் இதுவரை பதினோரு தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் குதிரையின் வேகம் கொஞ்சம் கூடும். ஆனால் மதினி, அன்றைக்கு நான் ஏறவில்லை. கழுகுமலை ரோட்டில் போனது உண்மை, பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்ததும் உண்மை. சேணம் போட்ட குதிரை காலியாக வர, ஒருத்தன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல்கணக்கில் நடந்து போனால் யார்தான் பார்க்கமாட்டார்கள்? போகவும் நடை, வரவும் நடை. விழுந்த நாளிலிருந்து இன்றுவரை நான் மத்தாப்பின்மேல் ஏறியதே இல்லை. நம் இரண்டு பேரில் பயம் தெளிந்தது அதற்கு மட்டும்தான்.

இப்போது தினமும் காலையில் அதன் பக்கத்தில் போய்ச் சும்மா உட்காருகிறேன். ஏற வேண்டும் என்று இல்லை. போன வாரம் வளையத்தில் கால் வைத்தேன், எடுத்துவிட்டேன். நேற்று கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்திருந்தேன். அது அசையாமல் நின்றது. ஏறு என்று யாரும் சொல்லவில்லை.

சீக்கிரம் ஏறிவிடுவேன். அதுவரைக்கும், அண்ணன் சாயங்காலம் உங்கள் படத்துக்கு விளக்கேற்ற வரும்போது அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.