கூட்டாமல், குறைக்காமல்

ஜூன் 4

அன்பான தம்பிக்கு,

நலமா என்று கேட்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

நான் மகள் வீட்டில் இருக்கிறேன். ஐந்தாம் மாடி. லிஃப்ட் ஓடுகிற நாளில் மனிதன், ஓடாத நாளில் கைதி. முழங்கால் என் பேச்சைக் கேட்பதே இல்லை. கண்டக்டரான நீங்கள் ஓய்வு பெற்றாலாவது பஸ்ஸில் ஓசியில் போகலாம். ஓய்வுபெற்ற போதகருக்கு எந்தப் பிரசங்க மேடையிலும் ஓசி இடம் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். புதிய போதகர் போன் செய்தார். அக்டோபரில் ஆலயம் கட்டி முடித்த நினைவு நாளில் நான் பிரசங்கம் செய்ய வேண்டுமாம். சரி என்றுவிட்டேன். நீங்கள் பழையபடி பக்கத்தில் நிற்பீர்களா?

நம் மொழியில் நான் சொன்னதை வரிக்கு வரி, பிழைக்க வந்த மீன் கம்பெனி ஆட்களின் மொழியில் சொன்னவர் நீங்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. உங்களை நம்பினேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து, ரப்பர் பூட்ஸும் மீன் நாற்றமுமாகப் பாதி ஆராதனையில் நுழையாதீர்கள், குளித்துவிட்டு வாருங்கள் என்று கண்டித்தேன். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் அதிகமாகப் பூட்ஸோடு வந்தார்கள். குரலை உயர்த்தினேன். அதற்கும் அடுத்த வாரம் இடதுபக்க பெஞ்சு முழுக்க நிரம்பிவிட்டது! கடைசியில் அவர்களில் அந்த நெட்டை அம்மா, தன் மகளிடம் கேட்டு நம் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, என் கையைப் பிடித்துச் சொன்னார்: "ஐயா, குளிக்க நேரமில்லன்னா அப்படியே வாங்க, கர்த்தருக்கு மீன் வாசனை புதுசில்லன்னு சொன்னீங்களே, அதனாலதான் வந்தேன்."

அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. மொழிபெயர்ப்பிலிருந்து உங்களை நிறுத்தினேன். அவர்களுக்கு மாலையில் தனி ஆராதனை வைத்தேன். நான் சொல்லாததை நான் சொன்னதாகச் சொல்லலாமா, தம்பி? என் பிரிவு உபசாரத்துக்கும் நீங்கள் வரவில்லை. போகட்டும். இந்த முறை வாருங்கள். நான் சொல்வதை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் பழைய போதகர்

ஜூன் 21

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

"பெரியவரே எறங்கி வந்து எழுதியிருக்காரு. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காம பதில் போடுங்க" என்று சொல்லிவிட்டு என் மனைவி டீயை வைத்துவிட்டுப் போனாள். தூக்கிய மூஞ்சியோடுதான் எழுதுகிறேன். முன்பெல்லாம் என்னை "நீ" என்பீர்கள். இப்போது "நீங்கள்" ஆகிவிட்டேன். அந்த மரியாதையைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

பக்கத்தில் நிற்கலாம், ஐயா. யாருக்காக நிற்பது? இடதுபக்க பெஞ்சுகள் காலி. மாலை ஆராதனைக்கு மின்விசிறி ஓடுகிற கரண்டு செலவைப் பற்றிக் கமிட்டியில் பேச்சு வந்தது. அது அவர்கள் காதுக்குப் போயிற்று. டயர் கடைக்கு மேலே ஒரு ஹால் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆலயத்தின் கூரை ஒழுகுகிறது. முன்பு ஏறிப் பார்த்தவர்கள் அவர்கள்தான். நம் ஆட்கள் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டு யோசனை சொல்வார்கள். இப்போது யோசனை மட்டும் மிச்சம். பாடகர் குழுவில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா தனியாக நிற்கிறார். முன்பு அவர் நெட்டை அம்மாவின் காதில் வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். நெட்டை அம்மா அவருக்குச் சுருதியைப் பிடித்துக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது, ஆனால் பாட்டு பிசகியதில்லை. இப்போது ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா பாதிப் பாட்டில் நிறுத்தி, தண்ணீர் குடிக்கிற மாதிரி திரும்பிக்கொள்கிறார்.

மாற்றிச் சொன்னது தப்புதான். "உள்ள போங்க, உள்ள போங்க, எடம் இருக்கு" என்று நாள் முழுக்கக் கத்துகிற வாய் ஐயா இது. வராதே என்று சொல்ல வரவில்லை.

ஆனால் உங்களுக்குத் தெரியாத இன்னொரு தப்பும் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பேச்சையும் மாற்றினேன். நெட்டை அம்மாவின் கணவர் ஐஸ் உடைக்கிற மெஷினில் கையைக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவர்களின் மேஸ்திரி உங்களைப் பார்க்க வந்தாரே? அவர் சொன்னது: "உங்க ஆளுங்களுக்குத் தும்மல் வந்தாகூட ஓடுறீங்க. எங்க ஆளுக்குக் கையே போச்சு. ஒரு தடவ எட்டிப் பாத்தீங்களா?" நான் உங்களிடம் சொன்னது: "ஜெபத்துல நெனச்சுக்கச் சொல்றாரு ஐயா." நீங்களும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தீர்கள். "ஆறுதல் சொன்னார்" என்று அவரை அனுப்பி வைத்தேன்.

உங்களுக்குள் சண்டை வந்திருந்தால் சண்டையோடு பழகியிருப்பீர்கள். நான் குறுக்கே நின்று அதையும் கெடுத்துவிட்டேன்.

உங்கள் கண்டக்டர்

செப்டம்பர் 15

அன்பான தம்பிக்கு,

பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபம்தான் காரணம். முதலில் அது உங்கள் மேல் இருந்தது. பிறகு அங்கே நிற்கவில்லை, என்னிடமே வந்துவிட்டது. ஆஸ்பத்திரி நம் ஆலயத்துக்கு எதிர்ச் சந்தில்தானே இருந்தது? மேஸ்திரி கோபமாக வந்ததை முகத்திலேயே பார்த்தேன். உங்கள் வார்த்தை வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

அக்டோபருக்கு நான் வர முடியாது. முழங்காலில் ஆபரேஷன். இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். டயர் கடை ஹாலுக்குப் போய் அவர்கள் மொழியில் சொல்லுங்கள். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

"மீன் நாற்றத்தோடு வராதீர்கள் என்றுதான் நான் சொன்னேன். அப்படியே வாருங்கள் என்று சொன்னவர் கண்டக்டர். நீங்கள் என் கையைப் பிடித்துச் சொன்ன நன்றி அவருக்குச் சேர வேண்டியது. கை போன மனிதரைப் பார்க்க நான் வரவில்லை. உங்களைத் தனியாக உட்கார வைத்ததும் நான்தான். என்னை மன்னியுங்கள்."

உங்கள் வாய்க்கு இது கஷ்டம் என்று தெரியும். எனக்காகச் செய்யுங்கள்.

போதகர்

அக்டோபர் 10

அன்புள்ள ஐயாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

சொன்னேன் ஐயா. "நாற்றம்" வந்த இடத்தில் அதைவிட மெதுவான ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். கை போனவர் எழுந்து வெளியே போனார், திரும்பி வரவில்லை. மேஸ்திரி உங்களை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான், "இத்தன வருஷம் எங்கள முட்டாளாக்கி வெச்சிருந்தியே" என்றார். வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைசியில் நெட்டை அம்மா பேசினார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"அந்த ஆலயத்துக்கு இனிமே வரமாட்டோம். அது முடிஞ்சுபோச்சு. அவரு இங்க வரணும்னா வரட்டும். கால் முடியலன்னா படியில தூக்கிட்டு வர ஆளு இருக்கு. மருந்து வாசனை அடிச்சாலும் பரவாயில்ல. எங்களுக்கு அது புதுசில்ல."

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவிடம் இதைச் சொன்னேன். டயர் கடைக்கு எந்த பஸ் போகும் என்று மட்டும் கேட்டார். என் பஸ்தான் போகும் என்றேன்.

உங்கள் கண்டக்டர்

நவம்பர் 28

அன்பான தம்பி,

நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். இவளும் நடுவில் எதையோ மாற்றுகிறாள் என்று எனக்குச் சந்தேகம். 'இல்லை' என்கிறாள்.

ஆபரேஷன் சரியாக அமையவில்லை. இனி பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். அவர் என் மகளைப் பார்த்தார். தூக்க ஆள் இருக்கிறது என்று அந்த அம்மா சொன்னதற்கு என்னால் போக முடியவில்லை. கூப்பிடாமலே போயிருக்க வேண்டிய நாட்களில் கால் நன்றாக இருந்தது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். "எங்களுக்கு அது புதுசில்ல." மீன் வாசனைக்கு அன்று நீ சொன்ன மாதிரியே இருக்கிறது. அந்த அம்மா அதை ஞாபகம் வைத்திருந்து எனக்குத் திருப்பித் தந்தாரா? அல்லது நீதான் மறுபடியும் "உள்ள போங்க, எடம் இருக்கு" என்கிறாயா? உன்மேல் கோபத்தில் கேட்கவில்லை. நீ சத்தியம் செய்தாலும் எனக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. அத்தனை வருடம் அந்த மனிதர்களுக்கு எதிரில் நின்று பேசினேன். அவர்கள் மொழியில் ஒரு வார்த்தை கற்கவில்லை. நீதான் இருக்கிறாயே என்று இருந்துவிட்டேன்.

"மன்னித்துவிடுங்கள்" என்பதற்கு அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? நம் எழுத்தில் பெரிதாக எழுதி அனுப்பு. நாக்கு திரும்பக் கொஞ்ச நாளாகும். படுத்தபடியே பழகிக்கொள்கிறேன். பிறகு மகளின் போனில் அந்த அம்மாவையும் அவர் கணவரையும் கூப்பிடுகிறேன். தப்பாகச் சொன்னால் சிரிக்கட்டும், திட்டினால் திட்டட்டும்.

அப்போது மட்டும் நீ பக்கத்தில் நிற்காதே.

உன் போதகர்