மூலை வீடு, கொய்யா மரம், சொந்தக் குழாய்

புந்தோங், ஈப்போ.
3.12.1978

என் தங்க மகள் பவுனம்மாவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் காவலில் நானும் அப்பாவும் தம்பி ராஜுவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீ எப்படி இருக்கிறாயோ என்பதுதான் பொழுது விடிந்தால் எனக்கு வருகிற முதல் நினைப்பு. உன் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பீடோர் ஊர்ப் பிள்ளைக்கு வீட்டிலிருந்து முறுக்கு வந்ததாம், அதைச் சுற்றியிருந்த தமிழ்ப் பத்திரிகையில் நம் வீடு விற்பனைக்கு என்று போட்டிருந்ததாம், என்னைக் கேட்காமல் எப்படி விற்கலாம் என்று சண்டைக்கு வந்திருக்கிறாய். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய் என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பயப்படாதே பிள்ளை. வீட்டை யாரும் விற்கவில்லை. உன் அறை உன் அறையாகத்தான் இருக்கிறது, ராஜுதான் சைக்கிளை உள்ளே ஏற்றி வைக்கிறான், சொன்னால் கேட்கிறானா அவன். ஆனால் அந்த விளம்பரம் அப்பா போட்டதுதான். அதனால் இங்கே நடந்ததை நீ கேட்காவிட்டாலும் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன், சோறு இறங்கவில்லை எனக்கு.

நீ போன பிறகுதானே அப்பா லாரியை விட்டுவிட்டு வீட்டு புரோக்கர் ஆனார். ஆபீஸ் கிடையாது, ஜைனுலாப்தீன் பாய் கடை போன்தான் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய் டீயை வைத்துக்கொண்டு உட்காருவார், விளம்பரத்தைப் பார்த்து யாராவது கூப்பிட மாட்டார்களா என்று. முதலில் உள்ளதை உள்ளபடி போட்டுப் பார்த்தார், இரண்டு அறை பலகை வீடு விற்பனைக்கு என்று. ஒரு ஈ காக்கை கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் முழுக்க இருபது புரோக்கர் விளம்பரம், இவருடையதை யார் தேடிப் படிப்பது. ஒரு வாரம் வெறுத்துப்போய் நம் வீட்டையே எழுதிவிட்டார். மூலை வீடு, மாரியம்மன் கோயில் பக்கம், கொய்யா மரம் என்று. அன்றைக்குப் பாய் கடை போன் ஓயவே இல்லையாம். வீடு இப்பதான் போயிருச்சிலா, அதே மாதிரி வேற ஒன்னு இருக்கு, வாங்க காட்டுறேன் என்று சொல்லி ஆளை வரவழைத்துக் கையில் உள்ள வீட்டைக் காட்டுவார். அதற்கப்புறம் அதுவே தொழிலாகிவிட்டது. வாராவாரம் ஒரு சொல்லை எடுப்பார், ஒரு சொல்லைப் போடுவார், எதற்கு எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பார். கொய்யா மரத்தை எடுத்தால் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிடுகிறார்களாம். சொந்தக் குழாய் என்று சேர்த்த வாரம்தான் கூட்டம். அதுவும் யார் தெரியுமா, ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும் வெளியே வந்தவர்கள்தான். லயத்து வரிசை வீடுகளுக்கான பொதுக் குழாயில் விடியுமுன்னே வாளியோடு சண்டை போட்டவர்களுக்குச் சொந்தக் குழாய் என்றால் சும்மாவா. கெட்டிக்காரர்தான் உன் அப்பா, நான் இல்லை என்று சொல்லவில்லை. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், என்ன இன்றைக்கு என் வீட்டை எத்தனை பேருக்கு விற்றீர்கள் என்று கேலி பேசிக்கொண்டு.

ஜூன் மாதம் சுங்காய் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சன்னாசி என்று ஒருவர் கூப்பிட்டார். வீடு போய்விட்டது என்று அப்பா வழக்கம்போலச் சொல்லிவிட்டார். ஆனால் அவர் பெண்சாதி இருளாயி விடவில்லை. போனாலும் போகட்டும், அந்த வீட்டை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்துவிட்டாள். எழுதப் படிக்கத் தெரியாது, புருஷன் படித்துச் சொன்னதை மனப்பாடமாக வைத்துக்கொண்டு கோயிலில் இருந்து ஒவ்வொரு சந்தாகப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். நான் குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருக்கிறேன், கேட்டுக்கு வெளியே ஒரு பொம்பளை கொய்யா மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இந்த வீடுதானே அக்கா பேப்பர்ல போட்டிருந்தாங்க என்று கேட்டாள். மீனைச் சட்டியில் போட்டுவிட்டு எழுந்தேன். இல்லை என்றால் அப்பா பேச்சு பொய்யாகிவிடுமே என்று, ஆமாம், நாங்கதான் வாங்கிட்டோம் என்று சொல்லிவிட்டேன். வாயில் எப்படித்தான் வந்ததோ. அவள் முகம் வாடவே இல்லை பவுனு. உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். சுவரைத் தொட்டுப் பார்த்தாள், குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள், கொடுத்து வச்சவங்கலா நீங்க, மகராசியா இருங்க அக்கா என்று வாழ்த்திவிட்டுப் போனாள்.

அவர்களுக்கு அப்பா ஆற்றோரத்தில் ஒரு பலகை வீட்டை முடித்துக் கொடுத்தார். புரோக்கர் என் வீட்டுக்காரர்தான் என்று தெரிந்தும், நல்ல வீட்டை அவரே எடுத்துக்கொண்டார் என்று அவள் தப்பாக நினைக்கவில்லை. அங்கே தண்ணீர் ஏறும் என்று ஊருக்கே தெரியும். கேட்டதற்கு, ஏறினாலும் கணுக்கால் அளவுதான், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும் என்றார். நானும் அதோடு விட்டுவிட்டேன். இருளாயி வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்கு வந்துவிட்டு இங்கே வந்து ஒரு காப்பி குடிக்காமல் போகமாட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. உன் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு தூரத்துல புள்ளய விட்டுட்டு எப்படிக்கா இருக்கீங்க என்று அவள்தான் கண் கலங்குவாள். எனக்கும் கூடப்பிறந்த தங்கச்சி யாரு இருக்கா, ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

தீபாவளி கழிந்து பெய்த மழையில் அவர்கள் வீட்டுக்குள்ளே தண்ணீர் முட்டிக்கு மேலே வந்துவிட்டது. நான் அரிசியும் இரண்டு சேலையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். மெத்தை, அரிசி டின், சன்னாசியின் ரேடியோ எல்லாம் சேறு. சன்னாசி வாளி வாளியாக இறைத்துக்கொண்டிருந்தார். இவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, நல்லவேளை அக்கா, நீங்களாவது நல்ல வீடா எடுத்தீங்க என்கிறாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம், அந்த விளம்பரத்தை இத்தோடு நிறுத்துங்கள் என்று கத்தினேன். எல்லா புரோக்கரும் செய்கிறதுதான், நான் மட்டும் நிறுத்தினால் யார் கூப்பிடுவார்கள் என்று அவரும் கத்தினார். அடுத்த ஞாயிறும் விளம்பரம் வந்தது. சன்னாசிக்கு வீடு மாறினால் தேவலை என்று தோன்றியிருக்கிறது போல, திரும்பவும் வீட்டு விளம்பரப் பக்கத்தைப் படித்திருக்கிறார். திங்கட்கிழமை காலையிலேயே இருளாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள். வீட்டைக் கேட்டு வந்தாள் என்றுதான் நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னக்கா கஷ்டம் உங்களுக்கு, வாங்கி ஆறு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள விக்கிறீங்களேக்கா, ஒரு வார்த்த சொல்லலியே என்கிறாள். எது வந்தாலும் வீட்ட மட்டும் வித்துராதீங்க, அப்படி வித்தே ஆகணும்னா நம்ம வீட்டுக்கு வந்துருங்க, முன்ரூம் சும்மாத்தான் கெடக்கு, மழ வந்தா எல்லாரும் கட்டில் மேல ஏறிக்கலாம்லா என்கிறாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நின்றேன். அவளை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை. நாங்கள் இந்த வீட்டில் பதினேழு வருஷமாக இருக்கிறோம், இது ஒரு நாளும் விலைக்கு வரவில்லை, ஆளை வரவழைக்கப் போட்ட விளம்பரம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். தம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, அன்னிக்கு அவரு பேப்பர் படிச்சுக் காட்டினதுல இருந்து, இந்த வீட்டுல எந்தச் செவுத்துல சாமி படம் மாட்டலாம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கெடந்தோம்க்கா என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் காப்பி குடித்த தம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எந்த நாளும் அவளைக் கழுவ விட்டதில்லை நான். செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இதையெல்லாம் அப்பா உள் அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அடுத்த ஞாயிறு விளம்பரம் வரவில்லை. பாய் கடையில் பாவம் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தார். ஆற்றோர வீட்டை வேறு யாருக்காவது தள்ளிவிட்டு அவர்களுக்கு மேட்டில் ஒன்று பார்க்கிறேன் என்று சொல்கிறார். அந்த வேறு யாரோ மட்டும் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டேன். முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். எல்லாம் என்னால்தான், அன்றைக்குக் கேட்டடியில் நின்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பாள், வேறு நல்ல வீடாக எடுத்திருப்பாள். கெட்டிக்காரத்தனம் அப்பாவுடையது என்றாலும் அந்த வார்த்தை என் வாயில் இருந்துதானே வந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலில் அவளைப் பார்த்தேன். நான் தூணுக்கு அந்தப் பக்கம் ஒதுங்கினேன். அவளே வந்தாள். தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வீட்டுப் பெண்கள் முன்னால் கூலிக்காரப் பெண்கள் நிற்பார்களே, அப்படி இரண்டடி தள்ளி நின்று, நல்லா இருக்கீங்களாம்மா என்று கேட்டாள். அக்கா என்று கூப்பிடவில்லை. நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டுப் பிரசாதம்கூட வாங்காமல் வந்துவிட்டேன்.

நீ அப்பாவுக்குத் தனியாக எழுதினால் இதைப் பற்றிக் கேட்காதே, அவர் முட்டிவலியை விசாரி, போதும். ராத்திரி வேலை என்று பட்டினி கிடக்காதே, தலையில் ஈரத்தோடு வெளியே போகாதே. அந்த பீடோர் பிள்ளையிடமும் வீடு விலைக்கு இல்லை என்று சொல்லிவிடு, அவள் தாய் தகப்பன் யாராவது கேட்டு வந்துவிடப் போகிறார்கள். அம்மன் உன்னை எந்த நோய்நொடியும் அண்டாமல் வைத்திருக்கட்டும், நீ நினைத்த படிப்பும் வேலையும் உன் கைக்கு வரட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த வருஷம் லீவில் வரும்போது எனக்கு எதுவும் வேண்டாம், நல்ல கனமான போர்வை ஒன்று வாங்கிக்கொண்டு வா. இருளாயிக்கு. நான் கொடுத்தால் வாங்கமாட்டாள், நீயே கொண்டுபோய்க் கொடு. நான் தெருமுனை வரைக்கும் வந்து நிற்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
நல்லம்மாள்