அடுப்பில் வைக்காத கட்டை

மானாம்பதி

அன்பு மகன் டேனியலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நீ கத்தாரில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்கப் படி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தால், உன் பெண்டாட்டி சோபியா அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வெறும் அரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருக்கிறாள். உன் அப்பா பார்த்துவிட்டார். சோறாக்க வெச்ச அரிசிய இன்னாடி துன்னுக்கினு கீற என்று கத்தி, முழுகாமல் இருக்கும் பெண் என்றும் பாராமல் விறகுக் கட்டையால் முதுகில் போட்டார். எழுந்து ஓடப் பார்த்தவள் கண் இருட்டி அம்மிமேல் விழுந்தாள், மண்டை உடைந்தது. எனக்கு வெறியே வந்துவிட்டது. அந்தக் கட்டையைப் பிடுங்கி அவர் கையிலேயே ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்து மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறார். ஊரே பேசுகிறது, பேசட்டும்.

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தையல் போட்டார்கள். நர்ஸ் சுகிர்தா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை, அதனால்தான் அரிசி, மண் என்று தின்னத் தோன்றுகிறது, இப்படியே விட்டால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்றார். கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையெல்லாம் எங்கே என்று கேட்டார். அந்தப் பெண் அழுதுகொண்டே, அவருதான் போன்ல வேணான்னாரு அத்தே, புள்ள பெருத்துப் போயி வயித்தக் கிழிக்கணும்னாரு என்றாள். மாத்திரை அட்டை அட்டையாகப் பெட்டியில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. உன் ரூமில் எவனோ உளறியதை நம்பினாயா, பாவி? உன் அப்பா ஒரு நாள்தான் அடித்தார், நீ மாதக்கணக்காக அடித்திருக்கிறாய். உன்னைப் பெற்றதற்கு அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. இனி இந்த வீட்டில் முதல் சோறு அவளுக்குத்தான், முருங்கைக்கீரையோடு. மிச்சத்தை உன் அப்பா ஒற்றைக் கையால் சாப்பிடட்டும். மாத்திரை நேரத்தில் டீ கிடையாது, குடித்தால் சத்து உடம்பில் ஒட்டாதாம், எலுமிச்சைத் தண்ணீர்தான். ஆனால் நான் எதிரில் நின்றாலும் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துக் கொல்லையில் துப்பிவிடுகிறாள். நீ சொன்னதுதான் அவளுக்கு வேதவாக்கு. இதைப் படித்த கையோடு அவளைக் கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, விழுங்கு என்று உன் வாயால் சொல்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. வெயிலில் வேலை செய்கிறாய், தண்ணீர் நிறையக் குடி. ஒன்றை மறக்காதே, உன் அப்பா கையை ஒடித்த கட்டையை நான் இன்னும் அடுப்பில் வைக்கவில்லை. அவளுக்கு ஏதாவது ஆனால், நீ வரும்போது அதோடுதான் வாசலில் நிற்பேன்.

என்றும் உன் நினைவாக இருக்கும் அம்மா,
பிரிஸ்கில்லா