ஒரே பாவில் இரண்டு சேலை

அன்புள்ள அண்ணா,

பேசாமல் இருந்தது போதும். நீ இருந்தபோது இரண்டு வருஷம் பேசவில்லை. நீ போயும் ஒரு வருஷம் ஆகப்போகிறது. மூத்தவன் நீதான் முதலில் கூப்பிட வேண்டும் என்று வீம்பாக இருந்தேன். இனி யார் முதலில் கூப்பிட்டு என்ன?

மனம் எப்படிப் பார்க்கிறது என்று கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் நான். உனக்கு அது ஒரு வேலையாகவே பட்டதில்லை. "புள்ளி வெச்சுக் காட்டுறதுக்கா சம்பளம்?" என்பாய். ஆமாம், புள்ளிதான். பலகையில் இரண்டிரண்டாகக் கிட்டக் கிட்ட வைத்தால் பிள்ளைகள் ஜோடி என்பார்கள். இடைவெளியைச் சமமாக்கி, சிலவற்றை மட்டும் சிவப்புச் சாக்பீஸில் வைத்தால் சிவப்பெல்லாம் ஒரு கூட்டம் என்பார்கள். வட்டத்தில் ஒரு துண்டை அழித்தாலும் வட்டம் என்றே சொல்வார்கள். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. நான் கேள்வியை முடிப்பதற்குள் மனம் சேர்த்து முடித்திருக்கும். அந்தப் புள்ளிகளுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று விளக்கிய பிறகும் கண்ணுக்கு அவை ஜோடியாகத்தான் தெரியும்.

அந்தக் கல்யாண போட்டோவை நீயும் அப்படித்தான் பார்த்தாய்.

பெரியப்பா மகன் தாமுவோடு உனக்குப் பிள்ளையார்பாளையம் வீட்டுச் சுவருக்காக வழக்கு. நான் யார் பக்கமும் சேரவில்லை. அதையே நீ பாதிக் குற்றமாக வைத்திருந்தாய். சித்தி பேத்தியின் கல்யாணத்துக்குத் தாமு வருவான் என்று நீ வரவில்லை. மேடையில் படம் எடுக்கும்போது என் மனைவி வசந்தி ஒரு ஓரம், தாமு மனைவி இன்னொரு ஓரம். இரண்டு பேர் மேலும் கத்தரிப்பூ நிறத்தில் கடுகு மஞ்சள் கரை போட்ட பட்டு. "ஒரே கலர்ல இருக்கீங்களேம்மா, பக்கத்துல வந்து நில்லுங்க, படம் எடுப்பா இருக்கும்" என்றார் போட்டோக்காரர். வந்து நின்றார்கள். நடந்தது அவ்வளவுதான்.

படம் உன் போனுக்கு வந்த அன்றே கூப்பிட்டாய்.

"டேய், முப்பது வருஷமா கடையில சேலை விரிச்சுக் காட்டுற கண்ணுடா இது. ரெண்டும் ஒரே பாவு. தறியில ஒரு பாவு நூல் போட்டா மூணு சேலை நெய்யலாம். சொந்தக்காரங்க சேர்ந்து வந்தாத்தான் பிரிக்காம எடுப்பாங்க. ரெண்டு வீடும் ஒண்ணாப் போய் எடுத்துக்கினு வந்திருக்கீங்க."

"வசந்தி தனியாப் போய் எடுத்தாண்ணா."

"அப்போ மூணாவது யாருக்கு? அவன் வக்கீல் பொண்டாட்டிக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ போனை வைத்தாய். நாம் கடைசியாகப் பேசியது அதுதான்.

வசந்தி தீபாவளிக் கூட்டத்தில் தன் தங்கையோடு போய் எடுத்த சேலை அது. அதே பாவில் மிச்சம் இருந்ததைக் கடைக்காரர் வேறு யாருக்கோ விற்றார். அந்த யாரோ தற்செயலாகத் தாமு மனைவியாக இருந்துவிட்டாள். நீயே எத்தனை பாவைப் பிரித்து விற்றிருப்பாய்? வாங்கியவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் உறவா?

நீ போன அன்று பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்தேன். வழியில் காரை நிறுத்தி ஏற்றிக்கொண்டவன் தாமு. உன் வாசலில் ஒரே காரிலிருந்து இரண்டு பேரும் இறங்கினோம். அண்ணி பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். சேர்ந்து நகர்கிறவற்றை மனம் ஒன்றாகவே எண்ணும். அதையும் பாடமாக நடத்துகிறவன்தான் நான். வாய்க்கரிசி போட ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். தெருக்காரர்களைக்கூடக் கூப்பிட்டார்கள். உன் கூடப் பிறந்தவன் நான் ஒருவன், பந்தல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை நான் மன்னிக்கவில்லை, அண்ணா. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

இங்கே பெரிதாகச் சேதி ஒன்றுமில்லை. வழக்கு வாய்தாவிலேயே இருக்கிறது. சுவர் அதே இடத்தில் நிற்கிறது. கடையில் நீ உட்கார்ந்த இடத்தில் ஒரு பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

போன வாரம் உன் மகள் சுதா செவிலிமேட்டில் என் வீட்டுக்கு வந்தாள், உன் முதல் வருஷத் திதிக்கு அழைக்க. அண்ணி அனுப்பினாரா, அவளாக வந்தாளா, நான் கேட்கவில்லை. ஸ்கூட்டியை விட்டு இறங்கும்போதே பார்த்தேன். கத்தரிப்பூ நிறம், கடுகு மஞ்சள் கரை. மூன்றாவது சேலை! அவள் படி ஏறுவதற்குள் எனக்குள் எல்லாம் சேர்ந்துவிட்டது. தாமு வீட்டில் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். சமாதானம் ஆகிவிட்டது. எல்லாரும் ஒன்று, வெளியே நிற்பது நான் மட்டும்.

"தாமு பெரியப்பா வீட்ல எடுத்துக் குடுத்ததா?" என்றேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அவள் முந்தானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஐயோ சித்தப்பா, இது பட்டே இல்ல. போன்ல ஆர்டர் போட்டது. அப்பா இருந்தா இதைக் கட்டவே விட்டிருக்க மாட்டாரு." சிரித்தாள். சிரிப்பு நின்ற பிறகு, "அப்பா மாதிரியே கேக்குறீங்க" என்றாள்.

இதைவிடக் கேவலமாக என்னை யாரும் திட்டியதில்லை.

அவள் போன பிறகும் அந்தச் சேலைதான் கண்ணுக்குள் நின்றது. பட்டில்லை என்று தெரியும், போனில் வாங்கியது என்று தெரியும். ஆனாலும் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றன. உனக்கும் அப்படித்தான் இருந்ததா? நான் சொன்னதை நம்பியிருந்தும், படத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவர்கள் சேர்ந்தே நின்றார்களா? நீ நம்பினாயா, இல்லையா? அதை மட்டுமாவது யாரிடமாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

திதிக்கு வருகிறேன். டவுன் பஸ்ஸில் வருவேன். தாமு வழியில் காரை நிறுத்தினாலும் ஏற மாட்டேன். யார் முகத்தைத் திருப்பினாலும் உன் படத்துக்கு ஒரு பூ போடாமல் திரும்ப மாட்டேன். இது சத்தியம்.

இந்தக் கடிதத்தை உன் பெயருக்கே, உன் வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். அண்ணிதான் பிரிப்பார். அடியில் 'உன் தம்பி' என்று எழுதி, என் பெயரையும் போட்டிருந்தேன். கண்ணில் முதலில் படுவது பெயர்தான். பட்டவுடன் 'தாமு ஆளு' என்று மடித்து வைத்துவிடுவார். அதனால் கடைசித் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன், பெயர் இல்லாமலே தபாலில் போடுகிறேன். படித்தால் யாரென்று தெரியாமலா போகும்? தெரியட்டும். படித்த பிறகு தெரியட்டும்.